பட்டினிக்கு முந்தைய சாப்பாடு

மகளே,

இந்தக் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் நின்றபடி படிக்காதே. அறைக்குப் போய், கை கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி. மூன்று நாளாக எழுதியிருக்கிறேன். நீ அரை மணி நேரம் கொடுக்கலாம். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபித்துக்கொள்வேன், சொல்ல வந்தது நின்றுபோகும். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. உன் தோழிகள் படித்தாலும் சரி. அவர்களுக்கும் பிடிவாதக்கார அம்மாக்கள் இருப்பார்கள்.

நீ பத்து நாள் விடுப்பில் வந்திருந்தபோது என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய். குடலில் இருக்கும் கட்டி கெட்டது இல்லை, ஆனால் வளர விட்டால் வழியை அடைத்துவிடும், எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. அந்த மலையாளத்து டாக்டரம்மா என்னை எடைபார்க்கும் கருவியில் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மாஜி, இந்த வெயிட்டில் நான் கத்தி எடுக்க மாட்டேன். ஆபரேஷன் முடிஞ்சா நாலஞ்சு நாள் வயித்துக்கு ஒண்ணும் போகாது. அந்த நாளில் உடம்பு எதைத் தின்னும்? தன்னையே தின்னும். ஆறு வாரம் தரேன். நாலு கிலோ ஏத்திட்டு வாங்க." நான் நிமிர்ந்து உட்கார்ந்து, என் கணவர் போன ஆறு வருடமாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன், பட்டினி எனக்குப் பழக்கம், நாலு நாள் ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னேன். சொன்னதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. டாக்டரம்மா உன்னைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ ஆரம்பித்தாய். "பட்டினி கிடந்து பழகுனா பட்டினியத் தாங்கலாம்னு நினைக்கிற. லேப்ல நான் வளக்குற ஈ அப்படி நினைக்கலம்மா."

"என்னை ஈயோடயா சேக்குத?"

"ஈ உன்னை விடப் பரவால்ல. சாப்பாடு வச்சா சாப்பிடும்."

ஆட்டோக்காரர் சிரித்தார். தெலுங்கர், தமிழ் புரியாது என்று நினைத்திருந்தேன். வீடு வந்து சேரும் வரை நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதன்பின் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. கிளம்பும்போது நீ, "ஆபரேஷனுக்கு லீவு போட்டுட்டு வரேன்" என்றாய். "ஒண்ணும் வேண்டாம். பக்கத்து வீட்டு ராசம்மா இருக்கா" என்றேன். உன் முகம் வாடியதைப் பார்த்தேன். பார்த்தும் பெட்டியின் பூட்டைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இப்போது என் முதல் தவற்றைச் சொல்கிறேன். நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று யாராவது கேட்டால் "மருத்துவ ஆராய்ச்சி" என்றுதான் சொல்லி வந்தேன். அழுகின வாழைப்பழத்தைச் சுற்றுகிற பொடி ஈக்கு என்ன போட்டால் அது எத்தனை நேரம் பசி தாங்கும் என்று பார்ப்பதற்கா, மயிலும் குயிலும் இருக்கிற உலகத்தில், என் மகள் இத்தனை வருடம் படித்தாள் என்று எனக்கு உள்ளுக்குள் குறை. நீ அட்டை போட்டுக் கொடுத்த ஆய்வேட்டை, கவர் பிரிக்காமல், உன் அப்பா படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். வருகிறவர்கள் கண்ணில் படும். யாரும் திறக்க மாட்டார்கள். நீ விமானம் ஏறிய மறுநாள் அதைப் பிரித்தேன். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் அடித்துச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் எழுபது வயதிலும் கைவிடவில்லை. புரியாத இடங்களைத் தாண்டிப் போனேன், படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வரக்கூடாத இடத்தில் வந்திருக்கிறது; பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஒரே குடும்பத்து ஈக்களைப் பிரித்து, சிலதற்குச் சீனி தூக்கலாகவும், சிலதற்கு ஈஸ்ட் தூக்கலாகவும் போட்டு வளர்க்கிறாய். பிறகு எல்லாவற்றையும் ஈரம் மட்டும் இருக்கிற, சாப்பாடு இல்லாத குழாயில் விடுகிறாய். எது முதலில் விழுகிறது, எது கடைசி வரை ஏறுகிறது என்று எண்ணுகிறாய். பசி வந்த பிறகு ஈயின் கையில் ஒன்றும் இல்லை. பசி வருவதற்கு முன்னால் தின்றது உடம்பில் கொழுப்பாகச் சேர்ந்திருந்தால் அதைக் கரைத்து நிற்கிறது, சேராவிட்டால் விழுகிறது.

புரிந்தது, ஆனால் நம்பவில்லை. அச்சில் வந்ததை எல்லாம் நம்பக் கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. நானே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சிரிக்காதே. கொல்லையில் வாழைத்தார் பழுத்துக் கிடந்தது, ஈக்குப் பஞ்சமில்லை. இரண்டு ஊறுகாய் பாட்டிலை வெந்நீரில் கழுவிக் காயவைத்தேன். ஒன்றில் மசித்த பழத்தோடு சீனி. இன்னொன்றில் அதே பழத்தைத் தண்ணீர் விட்டுக் கால் பங்காக நீர்க்கச் செய்து. வாய்க்குப் பழைய வேட்டித் துணியும் ரப்பர் பேண்டும். முதல் தடவை எறும்பு ஏறி எல்லாவற்றையும் முடித்துவிட்டது. இரண்டாம் தடவை பாட்டிலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினேன். ஐந்து நாள் தின்னவிட்டு, ஆறாம் நாள் ஈக்களை வேறு இரண்டு பாட்டிலுக்கு மாற்றினேன், நனைத்த பஞ்சு மட்டும் வைத்து. மாற்றும்போது பாதி பறந்துபோய் சமையலறையில் குடியேறின. அந்த நேரம் பார்த்து ராசம்மா வந்தாள். "ஏங்கக்கா, கொசுவயா வளக்குறீங்க?" என்றாள். "கொசு இல்லை, ஈ" என்றேன். "அச்சா, ஈயா, அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, போன் எடுத்து அவள் மகனிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று அன்று மாலை அவன் வந்து என்னிடம் ஊர், பேர், கிழமை எல்லாம் கேட்டுவிட்டுப் போனான்.

இரண்டாம் நாள் மாலையிலேயே நீர்ச் சாப்பாடு சாப்பிட்டவை எல்லாம் பஞ்சின்மேல் மல்லாந்து கிடந்தன. சீனி தின்றவற்றில் பாதிக்கு மேல் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் காலையிலும் சில ஏறின. ஏறும், நின்றுவிடும், மறுபடி இரண்டு எட்டு வைக்கும். கடைசி ஈ வரைக்கும் எண்ண வேண்டும் என்பது விதி என்று தெரியும். கையில் நோட்டுப் புத்தகம், பேனா, கடிகாரம் எல்லாம் இருந்தன. என்னால் முடியவில்லை. துணியை எடுத்துவிட்டு பாட்டிலை வாழைத்தாருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். இதை நான் சொன்னபோது நீ போனில், "முடிவையே எடுக்கலியாம்மா? ஆண் பெண் பிரிச்சியா? எல்லாம் ஒரே வயசா? எத்தனை பாட்டில்?" என்று அடுக்கினாய். ஒன்றுக்கு ஒன்று என்றேன். "ஒரு பாட்டில வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றாய். சிறு வயதில் உன் கட்டுரை நோட்டை நான் திருத்திய குரல் அது. கோபம் வரவில்லை. ஆனால் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்த நீர்ச் சாப்பாட்டு பாட்டிலைக் கழுவும்போது எனக்கு வடக்குத் தீவில் நாம் முன்பு குடியிருந்த மாயாபந்தர் ஞாபகம் வந்துவிட்டது.

உனக்கு ஒன்பது வயது. அப்பா அங்கே படகுத்துறையில் இன்ஜின் மெக்கானிக். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்தவள் நீ. உன்னைக் கண்ணாடிப் பாத்திரம்போல் வளர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இரும்பாக்கப் பார்த்தேன். கான்வென்ட் விடுதியில் எங்கள் சிஸ்டர் சொல்வார்: தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது, வயிற்றில் ஒரு கை இடம் மிஞ்ச வேண்டும். நான் அதையும் தாண்டினேன். மழைக்காலம் தொடங்கி, கடல் சரியில்லை, மெயின்லேண்ட் கப்பல் தாமதம் என்று ரேடியோவில் கேட்டதுமே, வீட்டில் அரிசியும் பருப்பும் பால் பவுடரும் நிறைய இருக்கும்போதே, அன்றிலிருந்தே அளவைப் பாதியாக்குவேன். பஞ்சம் வந்தால் உடம்பு திடுக்கிடக் கூடாதாம். முன்கூட்டியே பழக்கிவிட வேண்டுமாம். கப்பல் பத்து நாளில் வந்தால் பத்து நாள் வீணாகப் பசித்திருப்போம். அதை நான் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேல் இன்னொரு மடமை. அந்த ஊரில் யாராவது பட்டினி கிடக்க முடியுமா? சுற்றிலும் தேங்காய், மரவள்ளி, வாழை, வலையில் மீன், திக்லிபூரிலிருந்து வருகிற புது அரிசி. அப்போதும் ராசம்மா நமக்குப் பக்கத்துக் குடியிருப்புதான். இலங்கைத் தேயிலை மலையில் பிறந்து, குழந்தையிலேயே கப்பலேற்றி இங்கே ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவள். அவள் வேலிமேல் எட்டிப்பார்த்து, "கெழங்கு கெடக்கு, மீனு கெடக்கு, கப்பலு வரலன்னா செத்தா போயிருவோம்? ஏங்கக்கா இப்பிடிக் காயுறீங்க?" என்பாள். நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். பாளையங்கோட்டையில் படித்தவள் தோட்டத்து ஜனங்களின் கிழங்கைத் தின்பதா? சாப்பாடு என்றால் கப்பலில் வருவதுதான். கையெட்டும் தூரத்தில் காய்த்துத் தொங்கியதெல்லாம் என் கணக்கில் சாப்பாடே இல்லை. மெயின்லேண்டிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் பலர் அப்படித்தான் இருந்தோம். தென்னை மரத்தடியில் நின்று பால் பவுடருக்காகக் கடலைப் பார்த்தவர்கள் நாங்கள்.

அந்த வருடம் கப்பல் மிகவும் தாமதமாயிற்று, சாலையும் மழையில் அறுந்தது. என் அரை அளவு தொடங்கி மூன்றாவது வாரத்தில் உனக்கு மலேரியா வந்தது. காய்ச்சலைவிட, காய்ச்சலுக்குப் பிறகு நீ எழுந்திருக்காததுதான் பயமாக இருந்தது. அங்கிருந்த வயதான டாக்டர் உன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஹிந்தியில், "குழந்தையின் உடம்பில் ஒன்றுமே இல்லையே, எதை வைத்துச் சண்டை போடும்?" என்றார். பத்து நாள் ராசம்மா தேங்காய்ப்பால் கஞ்சி கொண்டுவந்தாள். நான் தடுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. நீ பிழைத்தாய். அதை நான் மருந்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

போன மாதம்தான் மீதிக் கதை தெரிந்தது. டாக்டரம்மா சொன்னபடி மூன்று வேளையும் சாப்பிட முடிவு செய்தேன். தனியாக உட்கார்ந்தால் இறங்கவில்லை, ராசம்மாவைக் கூட உட்காரச் சொன்னேன். தேங்காய் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "அண்ணனுக்கு இது ரொம்பப் புடிக்குங்க்கா" என்றாள். உன் அப்பா ஏன் அந்தப் பஞ்ச நாட்களில் மெலியவே இல்லை என்று அப்போது புரிந்தது. தினம் வேலை முடிந்து அவள் வீட்டில் இரண்டு ரொட்டியும் தேத்தண்ணியும்! நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "புள்ளயயும் கூட்டிக்கிட்டுதான் வருவாரு. அது உள்ள வராது. 'அம்மாக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க ஆன்ட்டி'ன்னு வாசல்லயே நிக்கும். கையில குடுத்தாலும் வாங்காது. அண்ணன் அதயே பாத்துக்கிட்டு இருப்பாரு."

மகளே, அன்று மத்தியானம் நான் மேற்கொண்டு சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். உன் ஈக்கள் அந்த வாசலிலிருந்துதான் புறப்பட்டனவோ என்று கேட்கத்தான் அந்த வாரம் போன் செய்தேன். நீ முதலில் என் எடையைக் கேட்டாய். பிறகு, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, அந்த லேப்லதான் எடம் இருந்துச்சு" என்றாய். உண்மையாகவும் இருக்கலாம். அல்லது என்னைப் போலவே உனக்கும் ஒன்றை ஒப்புக்கொள்ள வருடக்கணக்கில் ஆகலாம். எப்படியானாலும் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அது ஒழுக்கம் இல்லை, பயம். பயத்துக்கு நான் ஒழுக்கம் என்று பெயர் வைத்திருந்தேன். வாசலில் நின்ற அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அதே போனில் நீ சொன்ன இன்னொன்று என் மனதில் ஊறிக்கொண்டிருக்கிறது. "சீனி தின்ன ஈ பட்டினியத் தாங்கும், ஆனா முட்டை கம்மியா போடும். ஈஸ்ட் நல்லாத் தின்னது முட்டை நெறையப் போடும், பட்டினின்னு வந்தா சீக்கிரம் போயிரும். எல்லாத்துக்கும் நல்லதுன்னு ஒரே சாப்பாடு கெடையாதும்மா." உடனே எச்சரிக்கையும் செய்தாய்: "இதக் கேட்டுட்டு சீனிய அள்ளித் தின்னாத. நீ ஒண்ணும் ஈ இல்ல. டாக்டர் எழுதிக் குடுத்த முட்டை, பருப்பு, மீனு." போன மாதம் ஈ, இந்த மாதம் ஈ இல்லை, விஞ்ஞானம் வேகமாக முன்னேறுகிறது என்றேன். நீ சிரித்தாய். எவ்வளவு நாள் கழித்து உன் சிரிப்பைக் கேட்டேன் தெரியுமா?

அதை வைத்து ஒரே ஒரு புத்திமதி சொல்கிறேன். சொல்லாவிட்டால் இது என் கடிதமாக இருக்காது. பஞ்ச நாளுக்கென்று ஒரு சாப்பாடு உண்டு, அது தேவைப்படும்போது வெட்கப்படாமல் வயிறு நிறையச் சாப்பிடு. ஆனால் ஆயுள் முழுவதையும் பஞ்ச நாளுக்கான ஏற்பாடாக ஆக்கிவிடாதே. நான் கப்பல் வராத நாட்களுக்காகவே குடும்பம் நடத்தினேன். கப்பல் வந்த நாட்கள்தான் அதிகம். அவற்றில் என்ன சமைத்தேன், யாரோடு சிரித்தேன் என்பது எனக்கு ஞாபகமில்லை. நீயும் வேலை நிரந்தரமாகட்டும், வீடு அமையட்டும் என்று ஒவ்வொன்றையும் தள்ளிவைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். என்னிடமிருந்து வந்த நோய் அது. கைக்கு எட்டும் தூரத்தில் காய்த்திருப்பது எது என்று ஒரு தடவை சுற்றிப் பார். அது நீ படித்த படிப்புக்குக் குறைவானதாகத் தெரிந்தாலும் பார்.

நேற்று ஆறு வாரம் முடிந்தது. ராசம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நின்ற பெண்கள் முன்னால் ராசம்மா, "அக்கா, செருப்போட ஏறுங்க, கால் கிலோ கூடும்" என்று யோசனை சொன்னாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டே ஏறினேன். மூன்றரை கிலோ. டாக்டரம்மா கைதட்டினார். நான்கு என்றீர்களே, இன்னும் ஒரு வாரம் கொடுங்கள், முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். "மாஜி, இது பரீட்சை இல்ல. போதும்" என்று சொல்லி அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை என்று தேதி குறித்தார். பயமாக இருக்கிறதா என்று கேட்டார். கேட்டால் "இல்லை" என்று சொல்வதுதான் என் வழக்கம். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் சாப்பிடாமலே "ஆச்சு" என்று சொல்லிப் பழகிய வாய். இந்த முறை, "இருக்கு" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். வேறு ஒன்றும் ஆகிவிடவில்லை.

பிறகு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, கணவர் பெயர் எல்லாம் நிரப்பினேன். "நோயாளியுடன் தங்குபவர்" என்று ஒரு இடம். ராசம்மா தன் பெயரை எழுதச் சொல்லிப் பக்கத்தில் நின்றாள். அவள் தங்குவாள், பத்து நாள் என்றாலும் தங்குவாள். ஆனால் நாலைந்து நாள் வெறும் வயிற்றோடு கிடந்துவிட்டு, முதல் வாய்க் கஞ்சி கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லும்போது, கரண்டியைப் பிடித்திருப்பது யாராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ராசம்மாவிடம் சொன்னேன். "அதத்தான் நானும் நெனச்சேங்க்கா" என்றாள்.

உன்னைக் கேட்கவில்லை. வர வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கிறேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் அந்த இடத்தில் உன் பெயரை, இனிஷியலோடு, பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதியதை அடித்து மாற்றும் பழக்கம் உன் அம்மாவுக்கு இல்லை.